ஒரு பெண் சிலந்தியின் விலை

டாரண்டுலா என்ற பெயர் இத்தாலியின் தெற்கிலுள்ள தாரந்தோ நகரிலிருந்து வந்தது. அந்நகரத்தார் அப்பெயரால் முதலில் அழைத்தது வயல்வெளிகளில் திரிந்த ஓநாய்ச் சிலந்தி ஒன்றைத்தான் என்றாலும், அமெரிக்கக் கண்டங்களுக்குச் சென்ற ஐரோப்பியர்கள் அங்கே கண்ட, உள்ளங்கை அளவுள்ள மயிரடர்ந்த சிலந்திகளுக்கும் அதையே சூட்டிவிட, நாளடைவில் பழைய உரிமையாளர் மறக்கப்பட்டுப் புதியவற்றுக்கே பெயர் நிலைத்துவிட்டது. இன்று அறிவியலார் டாரண்டுலா என்று சொல்லும்போது தெரபோசிடே என்னும் குடும்பத்தைக் குறிக்கிறார்கள். இக்குடும்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிற்றினங்கள், அதாவது தம்முள் கூடி இனம் பெருக்கும் தனித்தனி உயிர்வகைகள், இதுவரை பெயரிடப்பட்டுள்ளன. வலை பின்னி இரைக்காகக் காத்திருக்கும் வீட்டுச் சிலந்தியைப் போலன்றி, இவை நிலத்தில் தோண்டிய வளையிலோ மரப்பொந்திலோ பகலைக் கழித்து, இரவில் வாயிலில் வந்தமர்ந்து, அருகே நடக்கும் பூச்சியின் அதிர்வை உணர்ந்து பாய்ந்து பிடிக்கின்றன. கடந்த அரை நூற்றாண்டில் இவற்றுக்கு வேறொரு வசிப்பிடமும் அமைந்திருக்கிறது: வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும், அண்மைக்காலமாக ஆசிய நகரங்களிலும், செல்லப்பிராணி வளர்ப்போரின் அலமாரிகளில் அடுக்கப்பட்டிருக்கும் கண்ணாடிப் பெட்டி.

இந்தச் செல்லப்பிராணி வணிகத்தால் காட்டிலுள்ள சிலந்திகள் குறைகின்றன என்று சொன்னால் நம்பத் தயங்குவோர் உண்டு. ஒரு முட்டைப்பையிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வெளிவரும் உயிரைப் பிடித்தே தீர்த்துவிட முடியுமா என்ற ஐயம் இயல்பானதுதான். கொசுவையும் கரப்பானையும் ஒழிக்க முயன்று தோற்றுப்போன மனிதருக்கு, எட்டுக்கால் பூச்சி ஒன்று அருகிவருகிறது என்பது வேடிக்கையாகவே படும். ஆனால் டாரண்டுலாவின் வாழ்க்கைக் கணக்கை உற்றுப் பார்த்தால், அது பூச்சிகளின் கணக்கைவிட ஆமைகளின் கணக்கையே பெரிதும் ஒத்திருப்பது தெரியவரும்.

மெக்சிகோவின் பசிபிக் கரையோர மலைச்சரிவுகளில் வாழும் செம்முழங்கால் டாரண்டுலாவை எடுத்துக்கொள்ளலாம். கரிய காலின் கணுக்களில் செம்மஞ்சள் வளையம் அணிந்த இச்சிலந்தி, முட்டையிலிருந்து வெளிவரும்போது சில மில்லிமீட்டர் அளவே இருக்கும். தன் வெளிக்கூட்டைப் பலமுறை உரித்து உரித்து வளர்ந்து, ஆண் பருவமடைய நான்கைந்து ஆண்டுகளும் பெண் பருவமடைய ஏழெட்டு ஆண்டுகளும், சில சமயம் அதற்கு மேலும் ஆகின்றன. வட அமெரிக்காவின் ஆர்கன்சா பகுதி டாரண்டுலாக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த வில்லியம் பேர்க், அங்குள்ள சிலந்திகள் பருவமடையவே பத்தாண்டுகள்வரை எடுத்துக்கொள்வதைக் கண்டறிந்தார். பருவமடைந்தபின் ஆணுக்கும் பெண்ணுக்கும் விதி வேறாகிவிடுகிறது. ஆண் இறுதியாக ஒருமுறை தோலுரித்துக்கொண்டு வளையை விட்டு வெளியேறி, பெண்ணைத் தேடி அலைந்து, பெரும்பாலும் ஓராண்டுக்குள் மடிந்துபோகிறது. பெண்ணோ அதே வளையில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. இவற்றுக்கு நெருங்கிய உறவான மூடிவளைச் சிலந்தி ஒன்றை மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் 1974ஆம் ஆண்டு முதல் 16ஆம் எண்ணிட்டுக் கண்காணித்துவந்தார். ஒட்டுண்ணிக் குளவி ஒன்றால் 2016இல் அது இறந்தபோது அதன் வயது 43. சிலந்தியுலகில் இதுவரை பதிவான மிக நீண்ட ஆயுள் அது, இறக்கும்வரை அது வாழ்ந்தது ஒரே வளையில்.

நூற்றுக்கணக்கான முட்டைகள் என்ற செல்வத்தின் பொருளும் இப்போது விளங்கும். எறும்பும் பல்லியும் பறவையும் பிற சிலந்திகளும் வறட்சியும் உண்டதுபோக, அந்நூற்றுக்கணக்கானவற்றுள் முட்டையிடும் வயதை எட்டுவது ஒன்றோ இரண்டோ; பல முட்டைப்பைகளிலிருந்து ஒன்றுகூடத் தேறுவதில்லை. எனவே ஒரு பெண், தன் இடத்தை நிரப்ப ஒரு மகளை விட்டுச்செல்வதற்கே பல பருவங்கள் முட்டையிட்டாக வேண்டும். கடலாமைகளைப் பற்றி 1980களின் பிற்பகுதியில் செய்யப்பட்ட மக்கள்தொகைக் கணிப்புகள், முட்டைகளை எவ்வளவு காத்தாலும் வளர்ந்த ஆமைகள் வலையில் சிக்கி இறந்துகொண்டிருந்தால் கூட்டம் தேய்ந்தே தீரும் என்று காட்டின. மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் ஈனும் எல்லா உயிர்களுக்கும் பொருந்தும் கணக்கு அது. பதினைந்து வயதுப் பெண் டாரண்டுலா ஒன்றின் இழப்பைப் பத்துக் குஞ்சுகளால் ஈடுசெய்ய இயலாது.

சேகரிப்போர் தேடுவது அந்தப் பெண்ணைத்தான். ஆண் அழகாக இருந்தாலும் வாங்கியவனின் பெட்டியில் சில மாதங்களில் இறந்துவிடும். குஞ்சு வளர்ந்து வண்ணம் காட்ட ஆண்டுகள் ஆகும். பெண்ணோ வாங்கிய நாளிலேயே முழு வளர்ச்சியுடன் நின்று, பத்து இருபது ஆண்டுகள் உடன் வாழ்வதோடு, கருவுற்றிருந்தால் முட்டைப்பையையும் இட்டுத்தரும். அதனால்தான் சந்தையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே விலை பல மடங்கு வேறுபடுகிறது. ஒரு கூட்டத்தின் தொடர்ச்சி எந்த உயிரின்மேல் தொங்குகிறதோ, அதற்கே சந்தையும் கூடுதல் விலை வைத்திருக்கிறது. காட்டிலிருந்து எத்தனை எடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கையைவிட எவை எடுக்கப்பட்டன என்பதே இவ்வணிகத்தின் தீங்கை அளக்கும் சரியான கோல்.

இதோடு இடமும் சேர்ந்துகொள்கிறது. பல சிலந்திக் குஞ்சுகள் நூலிழையைக் காற்றில் விட்டு அதைப் பற்றிக்கொண்டு நெடுந்தொலைவு பறந்து பரவுகின்றன. டாரண்டுலாக் குஞ்சுகளோ பெரும்பாலும் தாயின் வளையிலிருந்து சில அடிகள் நடந்து சென்று அங்கேயே தமக்கு வளை தோண்டிக்கொள்கின்றன. அதன் விளைவாக, தகுந்த மண்ணும் ஈரமும் உள்ள ஒரு சரிவில் வளைகள் நெருங்கியிருக்க, அடுத்த சரிவில் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். அத்தகைய இடத்தை அறிந்த ஒருவர், இரவில் கைவிளக்குடன் சென்று, வளையின் வாயிலில் புல்தண்டை நுழைத்துச் சீண்டியோ நீர் ஊற்றியோ மண்ணை வெட்டியோ சில நாட்களில் அதைத் துடைத்தெடுத்துவிட முடியும். துடைத்தெடுத்தபின் வேறிடத்திலிருந்து குடியேறி வருவதற்குப் பறக்கும் குஞ்சுகள் இல்லை. மரத்தில் வாழும் வகைகளின் நிலை இன்னும் மோசம். அவற்றைப் பிடிக்க மரப்பட்டையை உரிக்கவும் பொந்தைப் பிளக்கவும் வேண்டியிருப்பதால், சிலந்தியோடு அது குடியிருந்த வீடும் போய்விடுகிறது. பல பத்தாண்டுகள் முதிர்ந்த மரத்தில் மட்டுமே உருவாகும் அப்பொந்து, சிலந்தியைவிட மெதுவாகவே மீண்டும் தோன்றும்.

இவ்வணிகத்தின் வரலாற்றில் முதல் பெரும் இலக்கு மேலே சொன்ன செம்முழங்கால் சிலந்தியே. சாதுவான இயல்பும் பளிச்சென்ற நிறமும் கொண்ட அது, 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் மெக்சிகோவிலிருந்து பெருந்தொகையாக வடக்கே ஏற்றுமதியானது. அருகிவரும் காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 1985இல் அதைத் தன் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. ஒரு சிலந்திக்கு உலகச் சட்டத்தில் இடம் கிடைத்த அரிய நிகழ்வு அது. இப்பின்னிணைப்பில் இடம்பெறுவது முழுத் தடையாகாது. ஏற்றுமதி செய்யும் நாடு, அந்த வணிகத்தால் காட்டிலுள்ள கூட்டத்துக்குக் கேடில்லை என்று அறிந்து அனுமதிச்சீட்டு வழங்கினால்தான் உயிர் எல்லை தாண்டலாம் என்பதே விதி. செம்முழங்காலோடு குழப்பிக்கொள்ளத்தக்க அதன் உறவினங்கள் அடங்கிய பிராக்கிபெல்மா பேரினம் முழுவதும் 1994இல் அதே பட்டியலுக்குள் வந்தது.

அடைபட்ட ஆறு வேறு வழி தேடுவதுபோல, வணிகமும் தேடிக்கொண்டது. மெக்சிகோவின் கதவு சாத்தப்பட்டபின் அமெரிக்கக் கடைகளில் நிறைந்தது சிலி நாட்டின் ரோஜாநிற டாரண்டுலா. பட்டியலில் இல்லாத இச்சிலந்தி 1990களில் காட்டிலிருந்தே பெருமளவில் பிடிக்கப்பட்டு, ஒரு தேநீர் விருந்தின் செலவுக்கும் குறைவான விலையில் விற்கப்பட்டது. விலை அவ்வளவு மலிவாக இருந்ததாலேயே அதைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்ய எவரும் அக்கறை காட்டவில்லை. ஏழெட்டு ஆண்டுகள் ஊட்டி வளர்க்கும் செலவைவிடச் சிலியின் புதர்க்காட்டில் கிளறி எடுக்கும் கூலி குறைவு. ஒரு சிற்றினத்தைப் பாதுகாக்கும் சட்டம் பாதுகாப்பற்ற அடுத்த இனத்தை நோக்கி வேட்டையைத் திருப்பிவிடும் இவ்விளைவு, கிளிகளிலும் அலங்கார மீன்களிலும் ஆமைகளிலும் கண்ட பழைய கதைதான்.

செம்முழங்காலின் கதையில் மற்றொரு திருகலும் உண்டு. மெக்சிகோ ஆய்வாளர்களான மெண்டோசாவும் பிராங்கேயும் 2017இல் அப்பேரினத்தை மறுபடி வகைப்படுத்தியபோது, உலகெங்கும் பிராக்கிபெல்மா ஸ்மிதி என்ற பெயரில் விற்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை உண்மையில் பிராக்கிபெல்மா ஹமோரி என்ற வேறு சிற்றினம் என்றும், பால்சாஸ் ஆற்றுப் படுகை இரண்டின் வாழ்விடங்களையும் பிரிக்கிறது என்றும் தெளிவாயிற்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஏடுகளில் ஒரே பெயரில் பதிவானவை இரண்டு இனங்கள் என்றால், எந்தச் சரிவிலிருந்து எது எவ்வளவு போயிற்று என்பதை அவ்வேடுகளிலிருந்து இனி எவராலும் பிரித்தெடுக்க இயலாது.

சிவப்புக்கு அடுத்துச் சந்தை மயங்கியது நீலத்தில். விலங்குலகில் நீல நிறமி அரிது. டாரண்டுலாக்களின் நீலமும் நிறமியால் ஆனதன்று, மயிர்களின் உள்ளே அமைந்த நுண்ணடுக்குகள் ஒளியின் நீல அலைகளை மட்டும் வலுப்படுத்தித் திருப்பி அனுப்புவதால் உண்டாவது. இந்த அமைப்புநிறம் டாரண்டுலாக் குடும்பத்தில் குறைந்தது எட்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நுண்ணடுக்கின் வடிவம் இனத்துக்கு இனம் மாறியும், கிடைக்கும் நீலம் ஏறத்தாழ ஒரே அலைநீளத்தில் அமைவது வியப்புக்குரியது. இரவில் திரியும் உயிருக்கு அந்நீலத்தால் என்ன பயன் என்பது இன்னும் விவாதத்திலிருக்கிறது. மனிதர்க்கு அதனால் என்ன பயன் என்பதில் மட்டும் விவாதமில்லை.

நீலச் சிலந்திகளுள் பெரும்புகழ் பெற்றது தென்னிந்தியாவுக்கு உரியது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த போகாக் 1899இல் பொயசிலோதீரியா மெட்டாலிகா என்று பெயரிட்டு விவரித்த அதன் ஒரே மாதிரி, ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்திலுள்ள குத்தி ரயில் நிலையத்தின் மரக்கிடங்கில் அகப்பட்டது. ஆங்கிலேயர் வாயில் அவ்வூர் கூட்டி ஆகிவிட, சிலந்தியும் உலகச் சந்தையில் கூட்டி நீலமணி என்னும் பொருள்படும் பெயரோடு உலவுகிறது. அவ்வூரோ அதன் சொந்த ஊரே இல்லை. வெட்டிய மரத்தின் பொந்தில் பதுங்கி ரயிலேறி வந்ததாலேயே அது அங்கே கிடைத்தது என்பது, நூறாண்டுகளுக்கு மேல் எவர் கண்ணிலும் படாதிருந்த அச்சிலந்தி 2001இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மறுபடி காணப்பட்டபோதுதான் தெளிவானது. கோயம்புத்தூரில் இயங்கும் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த சஞ்சய் மோளூர், டேனியல், மஞ்சு சிலிவால் ஆகியோர் 2008இல் செய்த மதிப்பீட்டின்படி, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதைத் தன் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய இனமாக, அதாவது காட்டில் அற்றுப்போவதற்கு முந்தைய கடைசிப் படியில் வைத்தது. அது வாழ்வதாக அறியப்பட்ட பரப்பு 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு, அதுவும் விறகுக்கும் மரத்துக்கும் வெட்டுண்டு சிதைந்த காடு.

மறுகண்டுபிடிப்பு நடந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அச்சிலந்தி மேலைநாட்டுச் சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் இருந்தது. இந்தியாவின் அயல்வணிகக் கொள்கை காட்டு விலங்குகளின் ஏற்றுமதியைத் தடைசெய்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டமோ அயல்நாட்டார் இந்நாட்டின் உயிர்வளத்தை எடுத்துச்செல்லத் தேசிய ஆணையத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. இருந்தும் தொடக்கத்தில் ஒன்று நூற்றுக்கணக்கான டாலர்களுக்கு விலைபோன நீலமணி, பின்னர் கூண்டிலேயே நன்கு பெருகி விலை சரிந்து, இன்று உலகின் மிகப் பரவலான வளர்ப்புச் சிலந்திகளுள் ஒன்றாகிவிட்டது. சொந்தக் காட்டில் அருகியதும் வளர்ப்போரிடையே மலிந்ததும் ஒரே உயிர் என்பதில் முரண் ஏதுமில்லை. மலிந்தவற்றுள் ஒன்றுகூட அக்காட்டுக்குத் திரும்பப்போவதில்லை.

பொயசிலோதீரியா பேரினம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மட்டுமே உரியது. இலங்கைத் தமிழர் இவற்றைப் புலிமுகச் சிலந்தி என்பர். கால்களின் அடியில் மஞ்சளும் கருப்புமாகப் பட்டையிட்டிருப்பதைக் கண்டவர்கள் அப்பெயரின் பொருத்தத்தை ஒப்புக்கொள்வர். செம்முழங்காலைப் போல இவை அத்தனை மந்தமாக வளர்வதில்லை, இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பருவமடைந்துவிடும். ஆனால் இடுவது நூற்றையொட்டிய முட்டைகளே, பல இனங்கள் வாழும் நிலமும் ஒரு வட்டத்தின் அளவைத் தாண்டாது. ராமேஸ்வரத்திலுள்ள அனுமன் கோயில் ஒன்றின் பெயரால் 2004இல் அழைக்கப்பெற்ற பொயசிலோதீரியா அனுமவிலாசுமிகா, தீவின் புளியந்தோப்புகளில் முதிய மரங்களின் பொந்துகளை நம்பி வாழ்கிறது. பின்னர் மன்னாரிலும் அது கண்டறியப்பட்டது, பாக் நீரிணையின் இருகரையும் ஒருகாலத்தில் இணைந்திருந்ததற்கு ஒரு சிலந்தி தரும் சான்றாக. இத்தகைய தோப்பு ஒன்றில் ஐம்பது மரங்களைத் தட்டிப் பார்க்க ஒருவருக்கு ஒரு வாரம் போதும்.

அறிவியலே அறியாமல் வழிகாட்டியாகிவிடும் இக்கட்டும் இத்துறையில் உண்டு. புதிய சிற்றினத்தை விவரிக்கும் ஆய்வுக்கட்டுரை, மரபுப்படி அது கிடைத்த இடத்தைத் துல்லியமாகக் குறிப்பிட வேண்டும்; சேகரிப்பாளர்களுக்கோ அதுவே பயணச்சீட்டு. சில சமயம் வரிசை தலைகீழாகவும் நிகழ்கிறது. மலேசியாவின் சரவாக்கில் கிடைத்த, மின்னும் நீலக் கால்களையுடைய பிருபெஸ் சிமோரோக்சிகோரம் என்ற சிலந்தி 2019இல் பிரித்தானிய இதழ் ஒன்றில் பெயரிடப்பட்டபோது, அதைச் சேகரிக்கத் தாங்கள் அனுமதி எதுவும் வழங்கவில்லை என்று சரவாக் வன அதிகாரிகள் அறிவித்தனர். ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் கொணர்ந்து கொடுத்த மாதிரிகளின் அடிப்படையில் எழுதப்பட்ட அக்கட்டுரை, சிலந்தி அறிஞர்களிடையே கடும் வாதத்தைக் கிளப்பிற்று. தாய்லாந்தின் பாங்கா மாகாணத்துச் சதுப்புநிலக் காட்டில் கண்டறிந்து நாரின் சோம்புபுவாங்கும் உடன் ஆய்ந்தோரும் 2023இல் கைலோபிராக்கிஸ் நாதனிசாரம் என்று பெயரிட்ட நீலச் சிலந்தி, அதற்கு முன்பே பெயரில்லாத மின்நீல டாரண்டுலாவாக வளர்ப்பு வணிகத்தில் விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. பெயர் இல்லாத உயிருக்குச் சிவப்புப் பட்டியலும் இல்லை, சைட்டீஸ் பட்டியலும் இல்லை. அதற்கு விலை மட்டும் இருக்கிறது. ஆகவே இப்போது பல ஆய்வாளர்கள் இடத்தின் பெயரை மாவட்ட அளவோடு நிறுத்திக்கொண்டு, துல்லியக் குறிப்பை அருங்காட்சியகப் பதிவேட்டில் பூட்டி வைக்கிறார்கள். பின்னால் வரும் நேர்மையான ஆய்வாளருக்கும் அதனால் இடர்ப்பாடு உண்டென்றாலும், தவிர்க்க முடியாத எச்சரிக்கை என்றே அதைச் சொல்ல வேண்டும்.

கடத்தலுக்கென்றே படைக்கப்பட்டது போன்ற உடலமைப்பு டாரண்டுலாவுக்கு. அது பெரும்பாலும் ஓசை எழுப்பாது. பல வாரங்கள் உண்ணாமல் தாங்கும். இளஞ்சிலந்தி ஒரு பான உறிஞ்சுகுழலுக்குள் அடங்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் அஞ்சல் நிலையத்தில் 2010இல் சிக்கிய ஒரு பொதியில் ஏறத்தாழ 300 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. அதைத் தொடர்ந்த விசாரணையில் பிடிபட்ட பின்னைய பொதிகளில் வண்ண உறிஞ்சுகுழல்களில் ஒவ்வொன்றாக அடைத்த சிலந்திகளும் வந்தன. போலந்திலிருந்து பிஸ்கட், ஓட்ஸ் பெட்டிகளில் மறைத்துப் பரிசுத்தாள் சுற்றி அனுப்பப்பட்ட 757 சிலந்திகளை மணிலா சுங்கத்துறை 2019இல் கைப்பற்றியது. பொகோட்டா விமான நிலையத்தில் 2021இல் 232 சிலந்திகளும், லீமா விமான நிலையத்தில் 2024இல் ஒரு பயணியின் இடுப்பில் கட்டியிருந்த பைகளில் 320 சிலந்திகளும் அகப்பட்டன. சென்னையும் இவ்வரைபடத்துக்கு வெளியே இல்லை: 2021 சூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த அஞ்சல் பொதியொன்றைச் சுங்க அதிகாரிகள் பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சிறு குப்பிகளில் 107 சிலந்திகள் உயிருடன் இருந்தன, அமெரிக்கக் கண்டத்துப் பேரினங்களைச் சேர்ந்தவை என்று வல்லுநர்கள் அடையாளம் கண்டபின், உரிய இறக்குமதி உரிமம் இல்லாததால் அவை வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பப் பரிந்துரைக்கப்பட்டன. மெக்சிகோவின் மலைச்சரிவுக்குரிய உயிரைத் திருப்பி அனுப்பும் ஊர் வார்சா பக்கம் என்பதில் இவ்வணிகத்தின் புவியியல் அடங்கியிருக்கிறது.

பிடிபட்ட சிலந்திகளைப் பிறந்த காட்டிலேயே விட்டுவிடலாமே என்று தோன்றக்கூடும். எந்தச் சரிவில் பிடித்தது என்பதைக் குப்பி சொல்லாது. வேறு நாட்டுச் சிலந்திகளோடு நெருங்கிக் கிடந்தபோது தொற்றிய பூஞ்சையோ புழுவோ உடன் வரக்கூடும். வளையில்லாமல் திறந்த நிலத்தில் விடப்பட்ட பெண் முதல் வெயிலிலேயே வதங்கிவிடும். ஆகையால் பறிமுதல் என்பது குற்றவாளிக்குத் தண்டனையாகலாம், காட்டைப் பொறுத்தமட்டில் அச்சிலந்தி பிடிபட்ட நாளிலேயே இறந்ததாகிவிட்டது.

வணிகத்தின் மொத்த அளவை மதிப்பிடும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது 2022இல் வெளியான ஒன்று. இணைய விற்பனைப் பக்கங்களைப் பல மொழிகளில் தேடித் தொகுத்து, சுங்கப் பதிவுகளோடு ஒப்பிட்ட அவ்வாய்வு, சிலந்திகளும் தேள்களும் உள்ளிட்ட எட்டுக்காலிகளில் 1,264 சிற்றினங்கள் விற்கப்படுவதையும், விற்கப்படும் உயிர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேராகக் காட்டிலிருந்து எடுக்கப்படுவதையும் காட்டியது. அவ்வினங்களுள் பன்னாட்டுக் கண்காணிப்புக்கு உட்பட்டவை நூற்றுக்கு இரண்டு அளவிலேயே இருந்தன. இதைவிடக் கவலைக்குரியது, காட்டில் எத்தனை இருந்தன என்ற முதல் எண்ணே பெரும்பாலான டாரண்டுலாக்களுக்கு இல்லாமை. யானையை எண்ணுகிறார்கள், புலியை எண்ணுகிறார்கள். ஒரு மலைச்சரிவின் வளைகளை இரவில் ஊர்ந்து எண்ணுவதற்கு ஆளும் பணமும் கிடைப்பதில்லை. எண்ணப்படாத கூட்டம் குறைந்துபோனால் அது எந்த ஏட்டிலும் குறைவாகப் பதிவாவதில்லை.

சட்டம் மெல்ல விரிந்துவருகிறது. இலங்கையின் ஐந்து பொயசிலோதீரியா இனங்களை அமெரிக்கா 2018இல் தன் அருகிய இனச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. அடுத்த ஆண்டே, இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்ததன் பேரில், பேரினம் முழுவதும் சைட்டீஸின் இரண்டாம் பின்னிணைப்பில் இடம்பெற்றது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பழைய அட்டவணைகளில் சில வண்ணத்துப்பூச்சிகளும் வண்டுகளும் இருந்தன, சிலந்திக்கு இடமில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தம் சைட்டீஸ் பட்டியலிலுள்ள உயிர்களுக்கென்றே ஓர் அட்டவணையை உருவாக்கியபின், புலிமுகச் சிலந்தி உள்நாட்டுச் சட்டத்தின் கண்ணுக்கும் தெரியத் தொடங்கியது.

வளர்ப்போர் தரப்பின் வாதத்தையும் இங்கே எடைபோட வேண்டும். கூண்டில் பிறந்த குஞ்சுகள் மலிவாகக் கிடைத்தால் காட்டில் பிடிப்பதற்கு ஆதாயமில்லாமல் போகும் என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. செம்முழங்காலும் நீலமணியும் இன்று பெரும்பாலும் வளர்ப்பிலிருந்தே விற்கப்படுகின்றன, இவ்விரண்டின் விலைச்சரிவுக்கும் வளர்ப்போரின் உழைப்பே காரணம். டாரண்டுலாவின் வாழ்க்கை முறை குறித்து அறிவியல் அறிந்தவற்றுள் கணிசமான பகுதியும் அவர்களுடைய பொறுமையான குறிப்பேடுகளிலிருந்து வந்தது என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அவ்வாதம் பழைய, மலிந்த இனங்களுக்குப் பொருந்துமளவு புதிய இனங்களுக்குப் பொருந்துவதில்லை. சேகரிப்பவரின் ஆவல் தன்னிடம் இல்லாததன்மேல்தான். ஒன்று மலிந்ததும் கண் அடுத்த நீலத்தை நாடுகிறது, அந்த அடுத்ததன் முதல் தலைமுறை எப்போதும் காட்டிலிருந்தே வந்தாக வேண்டும். காட்டில் கருவுற்ற பெண்ணைப் பிடித்து, பெட்டியில் முட்டையிட வைத்து, குஞ்சுகளைக் கூண்டில் பிறந்தவை என்று விற்பதும் பழகிப்போன தந்திரம். இதை உணர்ந்தே சைட்டீஸ் விதிகள், கூண்டில் பிறந்ததையும் கூண்டில் இனம் பெருக்கப்பட்டதையும் வேறு குறியீடுகளால் பிரிக்கின்றன. பெற்றோர் வளர்ப்பிலேயே இணைசேர்ந்திருந்து, வெளியிலிருந்து புதியவை சேர்க்காமல் இரண்டாம் தலைமுறையை எட்டும் திறன் அக்கூட்டத்துக்கு இருந்தால்தான் பிந்தைய தகுதி கிடைக்கும். தாளில் இது தெளிவான கோடு. பெருவிரல் நகத்தளவுள்ள குஞ்சு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் சுங்க அதிகாரிக்கு, அதன் பாட்டி காட்டில் பிறந்ததா பெட்டியில் பிறந்ததா என்று கண்டறிய அக்கோடு உதவுவதில்லை.

எல்லாக் குற்றத்தையும் வணிகத்தின் தலையில் கட்டுவதும் பிழை. நந்தியால் காட்டில் வெட்டப்படும் விறகும், மெக்சிகோவின் கரையோரத்தில் மேய்ச்சலுக்கும் சாலைக்கும் அழியும் புதர்க்காடும், இலங்கையின் மலையகத்தில் துண்டுபட்ட சோலைகளும் பிடிப்போரைவிட அதிகமான சிலந்திகளை வீடற்றவையாக்கியிருக்கக்கூடும். இரண்டும் தனித்தனியே செயல்படுவதில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது: பரந்த காட்டில் ஓரிடத்துக் கூட்டம் பிடிபட்டுக் குறைந்தால் பக்கத்துச் சரிவிலிருந்து மெல்ல நடந்தாவது சில குஞ்சுகள் வந்து சேரும், காடு பத்து ஏக்கர் துண்டாகச் சுருங்கியபின் பக்கத்துச் சரிவு என்பதே இல்லை. சிதைந்த காட்டில் எஞ்சியவற்றின் அருமை கூடக்கூடச் சந்தையில் அவற்றின் விலையும் கூடுகிறது.

செம்முழங்கால் சிலந்தி சைட்டீஸ் பட்டியலில் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவ்வாண்டில் முட்டையிலிருந்து வெளிவந்த ஒரு பெண், எல்லாப் பகையையும் தப்பியிருந்தால், 1990களின் தொடக்கத்தில் பருவமடைந்து, நூற்றாண்டு மாறும்வரை முட்டையிட்டு, 2005ஐ ஒட்டி இறந்திருக்கும். தலைமுறைக்கு எட்டு ஆண்டுகள் என்று வைத்தாலும் அந்த மலைச்சரிவுகளில் இதுவரை பிறந்திருப்பது ஐந்து தலைமுறைகள். 1980களில் வெறுமையான வளைகளுக்கு அருகே அன்று தப்பிய பெண்களின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும், குஞ்சாகச் சில அடிகள் நடந்து தோண்டிக்கொண்ட வளைகளில், இப்போது முட்டைப்பைகளைக் காத்துக்கொண்டிருக்கின்றன.